ஒரேகானில் ஹேசல்நட் தோப்பு: நிலம் பார்ப்பதிலிருந்து முதல் காசோலை வரை

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், ஹில்ஸ்பரோ, பீவர்ட்டன் ஊர்ப் பக்கத்து நண்பர்களில் மாதத்துக்கு ஒருவராவது என்னைக் கூப்பிடுகிறார். "வேலையை விட்டுவிட்டு ஹேசல்நட் போடலாம் என்று இருக்கிறேன், இடம் பார்த்திருக்கிறேன், நீங்களும் வந்து ஒரு பார்வை பாருங்கள்" என்பார். (ஹேசல்நட் என்பது சாக்லேட்டில் போடுவார்களே, கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் அந்தப் பருப்பு.) போய்ப் பார்த்தால் பெரும்பாலும் முன்பணம் கொடுத்து முடித்திருப்பார். அதற்குப் பிறகு நான் சொல்லி என்ன ஆகப்போகிறது? முன்பணம் கொடுக்கும் முன்னால் தெரிந்திருக்க வேண்டியதை எழுதிவிடுவோம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இருபது வருடம் சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். 2016 ஆகஸ்டில் யாம்ஹில் கவுண்ட்டியில் 12 ஏக்கர் வாங்கினோம். 2018 பிப்ரவரியில் கன்று நட்டோம். விற்கிற அளவுக்குக் காய் கிடைத்தது 2021 அக்டோபரில். இடையில் நாங்கள் பட்ட நஷ்டங்களில் பெரியவை எல்லாம் கன்று மண்ணுக்குள் போவதற்கு முன்பே எடுத்த முடிவுகளால் வந்தவை. அதனால் இந்தக் கட்டுரையிலும் மரத்தைப் பற்றிய பேச்சு பாதி தாண்டிய பிறகுதான் வரும்.

1. முதலில் கணக்கைப் போடுங்கள்

நன்றாக வளர்ந்த தோப்பு ஏக்கருக்கு 2,000 முதல் 2,500 பவுண்டு உலர்ந்த காய் கொடுக்கும். பத்து ஏக்கர் என்றால் தாராளமாக 25,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பவுண்டு 60 சென்ட் விலை என்றால் 15,000 டாலர். ஒரு டாலர் விலை என்றால் 25,000 டாலர். இதிலிருந்துதான் மருந்து, டீசல், அறுவடைக் கூலி, உலர்த்தும் கூலி எல்லாம் கழிய வேண்டும். பத்து ஏக்கர் ஹேசல்நட் ஒரு சம்பளத்துக்கு ஈடாகாது. இதைப் படித்த பிறகும் ஆசை இருந்தால் மேலே படியுங்கள். எனக்கு இருந்தது, இன்னும் இருக்கிறது.

இந்தப் பணமும் உடனே வராது. நட்ட மூன்றாம் நான்காம் வருடம் காய் பிடிக்கத் தொடங்கும். முழு விளைச்சல் வர எட்டு வருடத்துக்குப் பக்கம் ஆகும். விலையும் நம் கையில் இல்லை. உலக விளைச்சலில் பாதிக்கு மேல் துருக்கியில் இருக்கிறது. அங்கே கருங்கடல் ஓரத்தில் வசந்தத்தில் பனி விழுந்தால் இங்கே விலை ஏறும், அங்கே அமோகமாக விளைந்தால் இங்கே இறங்கும். நாங்கள் நட்ட 2018-லேயே சீனா விதித்த இறக்குமதி வரியால் ஓட்டோடு ஏற்றுமதியாகும் காயின் விலை சரிந்தது. அப்போது கன்றுக்கு ஒரு சாண் உயரம்கூடக் கூடியிருக்கவில்லை.

எங்கள் செலவு விவரம், நிலம் தவிர்த்து: கன்று 1,030, ஒன்று 9 டாலர் வீதம் 9,270. பழைய டிராக்டரும் புல் வெட்டியும் 17,000. மருந்து தெளிப்பான் 4,000. மான் வேலி 6,800. சுண்ணாம்பு, உழவு, நடவுக் கூலி சேர்த்து 8,000-க்குக் கொஞ்சம் மேல். வடிகால் குழாய் தனி, அதைப் பின்னால் சொல்கிறேன். டிராக்டர் வாங்கும்போது ஒரேகானில் விற்பனை வரி கிடையாது என்பது நமக்கு ஒரு வசதி.

வீட்டில் இருவரில் ஒருவர் வேலையில் இருப்பது நல்லது. சம்பளத்தைவிடவும் மருத்துவக் காப்பீட்டுக்காக இதைச் சொல்கிறேன். காய் வராத ஐந்து வருடமும் எங்களைத் தாங்கியது என் மனைவியின் அலுவலகக் காப்பீடுதான்.

2. விசாவைப் பாருங்கள்

எச்-1பி விசாவில் இருப்பவர் விவசாய நிலம் வாங்கத் தடையில்லை. ஆனால் அந்த விசா உங்களை ஸ்பான்சர் செய்த நிறுவனத்தில் வேலை செய்ய மட்டும் அனுமதிக்கிறது. சொந்தத் தோப்பில் டிராக்டர் ஓட்டி, காய் விற்று வருமானம் பார்ப்பது வேறு விஷயம். கிரீன் கார்டு வரும்வரை நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவைப்பதா, எப்படி என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

இதில் நம் ஆட்கள் பலரும் கேள்விப்படாத ஒன்று உண்டு. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர் விவசாய நிலம் வாங்கினால், 90 நாளுக்குள் அமெரிக்க வேளாண் துறையான யுஎஸ்டிஏவின் பண்ணைச் சேவை அலுவலகத்தில், அதாவது எஃப்எஸ்ஏவில், எஃப்எஸ்ஏ-153 என்ற படிவம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அபராதம் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை போகலாம். நாங்கள் வாங்கியபோது என்னிடம் கிரீன் கார்டு இல்லை. விற்றவரும் சொல்லவில்லை, தரகரும் சொல்லவில்லை. எண்பத்து மூன்றாவது நாள் வேறு ஒரு வேலையாக எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்குப் போனபோது, கவுண்ட்டரில் இருந்த அம்மா என் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். கிரயம் முடிந்த வாரமே இதை முடித்துவிடுங்கள்.

3. மண்ணை மழைக்காலத்தில் பாருங்கள்

ஹேசல்நட் ஆழமான, தண்ணீர் வடிகிற மண்ணில் வளரும். வேரில் தண்ணீர் தேங்கினால் செத்துவிடும். எங்கள் நிலம் இருக்கும் வில்லாமெட் பள்ளத்தாக்கில் சிக்கல் என்னவென்றால், நவம்பர் முதல் மார்ச் வரை மழை கொட்டும், ஜூலை ஆகஸ்டில் துளி விழாது. கோடையில் போய்ப் பார்த்தால் எல்லா நிலமும் ஒரே மாதிரி, பாறை போல் காய்ந்து கிடக்கும். நாங்கள் ஆகஸ்டில்தான் பார்த்தோம், ஆகஸ்டிலேயே வாங்கினோம்.

யுஎஸ்டிஏ நடத்தும் வெப் சாயில் சர்வே என்ற தளத்தில் உங்கள் இடத்தைச் சுற்றிக் கோடு போட்டால் மண் வகையின் பெயர் வரும். இலவசம், பத்து நிமிட வேலை. வில்லாமெட் என்று வந்தால் நல்ல வடிகால். உட்பர்ன் என்றால் பரவாயில்லை, பெரும்பாலான தோப்புகள் அதில் இருக்கின்றன. அமிட்டி என்றால் வடிகால் குழாய்க்குப் பணம் ஒதுக்குங்கள். டேட்டன் என்று வந்தால் அந்தப் பகுதியை நடவுக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

எங்கள் 12 ஏக்கரில் வடகிழக்கு மூலையில் ஒன்றரை ஏக்கர் டேட்டன். வரைபடத்தில் அது தெளிவாகவே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. 2019 ஜனவரியில் அந்த மூலையில் கன்றுகளின் அடியில் கணுக்கால் அளவு தண்ணீர். மே மாதம் மற்ற வரிசைகள் எல்லாம் இலை விட்டு நிற்க, அங்கே மட்டும் குச்சிகள். ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேரின் தோல் கையுறை கழல்வது போல் கழன்றது. குளத்துச் சேற்றைக் கிளறினால் வருமே, அந்தப் புளித்த வாடை. அன்று மட்டும் 140 கன்றுகளைப் பிடுங்கினோம். அந்த மூலை இப்போது புல்தரை. அதை ஒட்டிய இரண்டு ஏக்கருக்கு மட்டும் பின்னால் வடிகால் குழாய் பதித்தோம், ஏக்கருக்கு 1,800 டாலர் ஆனது. கன்று நிற்கும்போது குழாய் பதிப்பது காலி நிலத்தில் பதிப்பதைவிட இரட்டிப்புத் தொல்லை.

வரைபடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். விற்பவரிடம் அனுமதி கேட்டு, ஜனவரி பிப்ரவரியில், நான்கைந்து இடத்தில் ஐந்தடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். பக்கச் சுவரில் சாம்பல் நிறமும் அதில் துரு நிறத் திட்டுகளும் தெரிந்தால் அந்த ஆழம்வரை வருடாவருடம் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். குழியை ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் போய் எவ்வளவு தண்ணீர் ஊறியிருக்கிறது என்றும் பாருங்கள். குழி எடுக்க அனுமதிக்காத நிலத்தை வாங்காதீர்கள்.

மண் பரிசோதனையை நடவுக்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே செய்துவிடுங்கள். இங்கே மண் பொதுவாகப் புளிப்பு. சுண்ணாம்பு போட வேண்டியிருக்கும். சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்காது, உழுது கலக்க வேண்டும். கன்று நட்ட பிறகு அப்படி உழ முடியாது.

4. "வெல் இருக்கிறது" என்றால் பாசனம் இருக்கிறது என்று அர்த்தமில்லை

எங்கள் நிலத்தின் விளம்பரத்தில் "வெல் உண்டு", அதாவது கிணறு உண்டு, என்று போட்டிருந்தது. நம் ஊர் நினைப்பில், போர் இருந்தால் மோட்டாரைப் போட்டு இறைத்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டேன். ஒரேகானில் நிலத்தடி நீர் உட்பட எல்லாத் தண்ணீரும் பொதுச் சொத்து. பயிருக்குப் பாய்ச்ச மாநில நீர்வளத் துறையிடம் நீர் உரிமை இருக்க வேண்டும். வீட்டு உபயோகக் கிணற்றுக்கு விலக்கு உண்டு. அதிலிருந்து அரை ஏக்கர் வரை புல்வெளிக்கோ வீட்டுத் தோட்டத்துக்கோ பாய்ச்சலாம். பல ஏக்கரில் விற்பதற்காக வளர்க்கும் ஆயிரம் கன்றுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

எனவே கேட்க வேண்டியது நீர் உரிமைச் சான்றிதழ். அது கிடைத்தால் மூன்றைச் சரிபாருங்கள்: எத்தனை ஏக்கருக்கு, நிலத்தின் எந்தப் பகுதிக்கு, கடைசியாக எப்போது பயன்படுத்தினார்கள். தொடர்ந்து ஐந்து வருடம் பயன்படுத்தாமல் விட்ட உரிமை பறிபோகக்கூடியது. விற்பவரிடம் மின்சார ரசீதோ பயிர் விவரமோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக உரிமை வாங்கலாம் என்று நம்பி நிலம் வாங்க வேண்டாம். பல பகுதிகளில் நிலத்தடி நீருக்குப் புது அனுமதி கிடைப்பது கடினம்.

ஆழமான மண்ணில் வேர் பிடித்த மரம் பாசனம் இல்லாமலே காய்க்கும். இந்தப் பள்ளத்தாக்கில் பல தோப்புகள் மழையை நம்பித்தான் இருக்கின்றன. முதல் இரண்டு மூன்று கோடைதான் கண்டம். நிலைபெற்ற பிறகு பாசனம் தேவைப்படாத பயிரை வளர்த்தெடுக்க ஐந்து வருடத்துக்கு மிகாமல் தற்காலிக அனுமதி தருகிற லிமிடெட் லைசென்ஸ் என்ற ஏற்பாடு உண்டு. நீர்வளத் துறையில் உங்கள் பகுதி வாட்டர்மாஸ்டரிடம் அதைக் கேளுங்கள். நிலம் வாங்கும் முன்பே போன் செய்து கேட்கலாம்.

எனக்கு அது அப்போது தெரியாது. ஊருக்குள் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கி, 500 காலன் தொட்டியை டிரெய்லரில் ஏற்றி இழுத்து வந்தேன். தொட்டி நிரம்பினால் தண்ணீர் எடை மட்டும் 4,000 பவுண்டுக்கு மேல். கன்றுக்கு மூன்று காலன் என்றால் ஒரு சுற்றுக்கு ஆறு நடை. வாரம் ஒரு சுற்று. இரண்டு கோடை, ஒவ்வொரு சனிக்கிழமையும். என் மகள் ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கன்றுக்கும் நாற்பது வரை எண்ணுவாள்.

5. வீடு கட்டலாம் என்று யாராவது சொன்னால்

இங்கே விவசாய நிலத்தில் பெரும்பகுதி இஎஃப்யூ மண்டலம், விவசாயத்துக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டது. அதில் காலி மனை வாங்கி விருப்பம்போல் வீடு கட்ட முடியாது. உயர்தர விவசாய நிலம் என்று வகைப்படுத்தப்பட்ட இடத்தில் பண்ணை வீடு கட்ட வழக்கமான வழி, பண்ணையிலிருந்து வருடத்துக்கு 80,000 டாலர் மொத்த வருமானம் காட்டுவது. அதையும் ஒரு வருடம் மட்டும் காட்டினால் போதாது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், பத்து ஏக்கர் ஹேசல்நட்டில் அது நடக்காது. வேறு சில விதிவிலக்குகள் உண்டு. அவை பொருந்துமா என்பதைக் கவுண்ட்டி திட்டமிடல் அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். தரகரின் வாய்வார்த்தையை நம்பி வாங்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஆறு வருடமாக வாடகை வீட்டிலிருந்து தோப்புக்குப் போய் வருகிறார்கள்.

சொத்து வரியில் விவசாய மதிப்பீட்டுச் சலுகை இருக்கிறதா என்று கவுண்ட்டி அசெசர், அதாவது சொத்து மதிப்பீட்டாளர், பதிவில் பாருங்கள். காய்க்காத இளம் தோப்பும் விவசாயப் பயன்பாடாகவே கணக்கில் வரும், அந்தப் பயம் வேண்டாம். நிலத்தைச் சும்மா போட்டுவைத்தால் சலுகை போகும், பழைய வருடங்களுக்கும் சேர்த்து வரி கேட்கவும் கூடும்.

6. பதிவு, கடன், வரிக் கணக்கு

தோப்பை நடத்தும் எல்எல்சிக்கு, அதாவது வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனத்துக்கு, பதிவு மாநிலச் செயலர் அலுவலகத்தின் இணையதளத்திலேயே முடியும், 100 டாலர். பிறகு எஃப்எஸ்ஏவில் பண்ணை எண் வாங்குங்கள். கிரயப் பத்திரமும் அடையாள அட்டையும் போதும். யுஎஸ்டிஏவின் எந்த உதவிக்கும் இந்த எண்தான் வாசல்.

எஃப்எஸ்ஏ தரும் மைக்ரோலோன் என்ற சிறு கடன் 50,000 டாலர் வரை கிடைக்கும். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். விவசாய அனுபவம் கேட்பார்கள். நான் பண்ருட்டிப் பக்கத்தில் அப்பாவின் முந்திரித் தோப்பில் வளர்ந்தவன் என்று எழுதிக் கொடுத்தேன், கூடவே இங்கே ஒரு தோப்பில் இரண்டு சீசன் உதவிக்குப் போனதற்குக் கடிதமும் வைத்தேன். அந்தக் கடிதம் உதவியது. விண்ணப்பம் கொடுத்ததிலிருந்து பணம் வரும்வரை எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. நடவு பிப்ரவரியில் என்றால் செப்டம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

வரிக்கு விவசாயம் தெரிந்த கணக்காளரைப் பிடியுங்கள். ஐந்து வருடம் செலவு மட்டும் காட்டும்போது இது தொழிலா பொழுதுபோக்கா என்ற கேள்வி வரும். காய்ப்புக்கு முந்தைய செலவை அந்தந்த வருடமே கழிப்பதா, மரத்தின் முதலீட்டில் சேர்ப்பதா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். தோப்பில் செலவிட்ட ஒவ்வொரு மணி நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நீங்கள் உண்மையாகவே உழைக்கிறீர்கள் என்று காட்ட அந்த நோட்டு வேண்டும்.

7. ரகமும் கன்றும்

கன்றை நடவுக்கு ஒன்றரை வருடம் முன்பே சொல்லி வையுங்கள். கடைசி நேரத்தில் போனால் மிச்சம் கிடப்பதுதான் கிடைக்கும்.

இங்கே ஹேசல்நட்டின் பெரிய எதிரி கிழக்கத்திய ஃபில்பர்ட் கருகல் நோய் (ஃபில்பர்ட் என்பது ஹேசல்நட்டின் இன்னொரு பெயர்). ஒரேகான் ஸ்டேட் பல்கலைக்கழகம் அதைத் தாங்கும் ரகங்களைத்தான் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது: யாம்ஹில் 2008, ஜெபர்சன் 2009, பிறகு டாரிஸ், வெப்ஸ்டர், மெக்டொனால்ட், 2018-ல் பாலிஓ. ஓட்டோடு விற்கப் பெரிய காய் வேண்டுமென்றால் ஜெபர்சன். பருப்புக்கு என்றால் யாம்ஹில், மெக்டொனால்ட், பாலிஓ. உங்கள் காயை வாங்கப்போகிற நிறுவனத்திடம் முதலில் பேசி, அவர்கள் எதை விரும்புகிறார்கள் என்று கேட்டுவிட்டு ரகத்தை முடிவு செய்யுங்கள்.

ஒரே ரகத்தை மட்டும் நட்டால் காயே பிடிக்காது. ஹேசல்நட் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. தேனீயும் இதில் கிடையாது, எல்லாம் காற்றுதான், அதுவும் நடுக்குளிரில். ஜனவரியில் இலை ஒன்றுகூட இல்லாத கிளையில் ஆண் பூக்கள் மஞ்சள் வால் வாலாகத் தொங்கும். பெண் பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும், மொட்டின் நுனியில் குங்குமக் கீற்று மாதிரி நாலைந்து இழை நீட்டிக்கொண்டிருக்கும். ஜெபர்சனின் பெண் பூ தாமதமாக விரியும் என்பதால் மகரந்தத்துக்கு ஈட்டா, தீட்டா போன்ற தாமத ரகங்களைக் கலந்து நட வேண்டும். எந்த ரகத்துக்கு எது ஜோடி என்ற அட்டவணை, பல்கலைக்கழகத்தின் சார்பில் விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் எக்ஸ்டென்ஷன் அலுவலகத்தில் கிடைக்கும். அதில் இல்லாத ஜோடியை நர்சரிக்காரர் சொன்னார் என்று எடுக்காதீர்கள்.

நோய் தாங்கும் ரகம் என்பதால் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. மேலே சொன்ன ரகங்கள் கேஸவே என்ற ஒரே மரபணுவை நம்பியவை. அதை மீறும் புதிய நோய் வகைகள் கடந்த சில வருடங்களில் இந்தப் பள்ளத்தாக்கிலேயே வந்துவிட்டன. நிலம் பார்க்கும்போதே அக்கம்பக்கத்தில் கவனிக்கப்படாத பழைய தோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத்தில் போய்க் கிளைகளை உற்றுப் பார்த்தால் தெரியும்: பட்டையில் நீளவாக்கில், தையல் போட்ட மாதிரி, கறுப்பு மேடுகள் வரிசையாக இருக்கும். அதுதான் நோய். தொற்றி ஒரு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் இந்த மேடுகள் கண்ணில் படும். ஆகவே சின்ன மரம் பச்சையாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மருந்து தெளிப்பு அட்டவணையை எக்ஸ்டென்ஷன் ஆட்களிடம் ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேளுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. கிழக்கு மாநிலங்களிலிருந்து ஆன்லைனில் மலிவாகக் கன்று வரவழைக்காதீர்கள், இந்த நோய்க்காகவே தடுப்பு விதிகள் இருக்கின்றன. அதேபோல, இந்தப் புது ரகங்களில் பலவற்றுக்குக் காப்புரிமை உண்டு. மரத்தடியில் கிளம்பும் பக்கக் கன்றைப் பதியம் போட்டு நடுவது நமக்குச் சாதாரண விஷயம். இங்கே உரிமம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

8. நடவு

வேர்க்கன்று, அதாவது மண் ஒட்டாத வெறும் வேரோடு வரும் கன்று, என்றால் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை, மண் சேறாக இல்லாத நாளில். இருபதுக்கு இருபது அடி இடைவெளியில் ஏக்கருக்கு 108 மரம். பத்துக்கு இருபது என்றால் 217, காய் சீக்கிரம் கூடும், ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒன்றுவிட்டு ஒன்றை வெட்ட மனம் வேண்டும். எனக்கு அந்த மனம் இல்லை என்று தெரிந்ததால் இருபதுக்கு இருபதே வைத்தேன்.

நர்சரியில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், அதற்கு மேல் புதைக்காதீர்கள். நட்டதும் ஒவ்வொரு கன்றின் மேல் நுனியையும் இரண்டரை அடி உயரத்தில் வெட்டுங்கள், கை நடுங்கத்தான் செய்யும், வெட்டித்தான் ஆக வேண்டும். தண்டுக்கு வெள்ளை உறை மாட்டுங்கள். தெற்கு மேற்கு வெயில் பட்டையை வெடிக்க வைக்கும், எலி அடியைக் கடிக்கும். மான் வேலி நடவுக்கு முன்பே நிற்க வேண்டும்.

9. காய் இல்லாத வருடங்கள்

இந்தக் காலத்தில் மூன்று வேலைதான். களை, பக்கக் கன்று, வரிசைக்கு நடுவில் தரையைச் சமமாக வைத்திருப்பது. ஹேசல்நட் இயல்பில் புதர். ஒரேகானில் ஒற்றைத் தண்டு மரமாக வளர்க்கிறார்கள், ஏனென்றால் அறுவடை தரையில் விழுந்த காயை இயந்திரம் கூட்டி அள்ளுவதுதான். எனவே அடியில் கிளம்பும் பக்கக் கன்றுகளை வருடத்துக்கு மூன்று நான்கு முறை, அரை அடி உயரத்திலேயே அழிக்க வேண்டும். ஒரு சுற்று தவறவிட்டால் தண்டு முற்றிவிடும், பிறகு கத்தரியோடு முட்டி போட வேண்டும்.

இதற்குப் பயன்படும் மருந்துகளில் சில கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. அவற்றை வாங்கவும் தெளிக்கவும் மாநில வேளாண்மைத் துறையின் பிரைவேட் அப்ளிகேட்டர் லைசென்ஸ் வேண்டும். தேர்வு எழுத வேண்டும். குளிர்காலத்தில் படித்து முடித்துவிடுங்கள், மே மாதம் களை உங்களுக்காகக் காத்திருக்காது.

காய்க்கத் தொடங்கியதும் காய்ப்புழு வரும். ஜூன் கடைசியில் அதன் அந்துப்பூச்சியைப் பிடிக்கும் பொறிகளைத் தொங்கவிட்டு வாராவாரம் எண்ணுங்கள். எண்ணாமல் நாள்காட்டியைப் பார்த்து மருந்தடிப்பது பணத்துக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. நான் நான்கு பொறி வைக்கிறேன், உச்சியில், இலைக்குள். கீழே வைத்தால் ஒன்றும் விழாது.

வரிசைகளுக்கு நடுவே முதல் நான்கு வருடம் காலி இடம் நிறைய. நாங்கள் இரண்டு ஏக்கரில் க்ளோவர் விதைத்துப் பக்கத்துப் பெரியவருக்கு உலர் தீவனத்துக்குக் கொடுத்தோம். பெரிய பணமில்லை, ஆனால் அவருடைய டிராக்டர் அவசரத்துக்கு வந்தது.

எழுத்தில் படிப்பதைவிட நேரில் பார்ப்பது நூறு மடங்கு. அரோராவில் இருக்கும் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்துக்குப் போங்கள். கொட்டை விவசாயிகளின் சங்கமான நட் குரோயர்ஸ் சொசைட்டியின் குளிர்காலக் கூட்டத்துக்கும் கோடைத் தோப்புச் சுற்றுலாவுக்கும் நிலம் வாங்கும் முன்பே போய் வாருங்கள். சின்னத் தோப்புக்காரர்கள் யார் என்று கேட்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

10. அறுவடையும் பணமும்

அறுவடை இயந்திரங்களைப் பத்து ஏக்கருக்காக வாங்காதீர்கள். கூலிக்குச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் மார்ச் மாதமே பேசி வையுங்கள். சிறிய தோப்பு அவர்கள் பட்டியலில் கடைசியில்தான் வரும். அக்டோபரில் மழை பிடித்துவிட்டால் காய் சேற்றில் அமுங்கி, பூஞ்சணம் பிடித்து, தரம் இறங்கும். இரண்டாம் சீசனில் நாங்கள் பதினோரு நாள் காத்திருந்தோம், அதில் ஒன்பது நாள் மழை. பக்கத்தில் உள்ள இரண்டு மூன்று சின்னத் தோப்புகள் சேர்ந்து ஒரே ஆளிடம் ஒரே வாரத்துக்குப் பேசினால் அவருக்கும் வண்டி கொண்டுவரக் கட்டுபடியாகும். இப்போது நாங்கள் மூன்று வீடு அப்படிச் செய்கிறோம்.

செப்டம்பர் முதல் வாரத்துக்குள் தரையைச் சுத்தமாக வெட்டி, குழிகளை மூடி, குச்சிகளை நொறுக்கிவிட வேண்டும். தரையில் ஒரு டயர் தடம் இருந்தால் அந்தத் தடம் முழுக்கக் காய் நின்றுவிடும். லாரி திரும்ப இடம் விட்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். எங்கள் வேலியை ஒரு பக்கம் பிரிக்க வேண்டியதாயிற்று.

அள்ளிய காய் ஈரம். கழுவி, எட்டு முதல் பத்து சதவீத ஈரப்பதத்துக்கு உலர்த்த வேண்டும். உலர்த்துமிடத்தில் எடைச் சீட்டு தருவார்கள். வயலில் அள்ளிய எடைக்கும் அந்தச் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத் திடுக்கிடாதீர்கள். மண், மட்டை, ஈரம், பொக்கு எல்லாம் கழிந்துபோன எடை அது. பொக்கு இதில் நிறையவே வரும். நல்ல காய் மாதிரியே ஓடு இருக்கும், உடைத்தால் உள்ளே ஒன்றுமில்லை. அப்பா முந்திரிக்கொட்டையைக் கையில் அள்ளிக் குலுக்கியே பொக்கைக் கண்டுபிடிப்பார். எனக்கு ஹேசல்நட்டில் அந்தக் கை இன்னும் வரவில்லை.

நேரடி விற்பனையில் விலை கூடுதல். உழவர் சந்தையில் ஓட்டோடு விற்பது எளிது. உடைத்து, வறுத்து விற்கப்போகிறீர்கள் என்றால் அடுப்பைப் பற்றவைக்கும் முன் மாநில வேளாண்மைத் துறையில் எந்த உரிமம் வேண்டும் என்று கேளுங்கள். நாங்கள் தீபாவளி நேரத்தில் 300 பவுண்டு போல நண்பர்களுக்கு ஓட்டோடு கொடுக்கிறோம், மீதி எல்லாம் நிறுவனத்துக்குத்தான்.

விலை, காய் விழ ஆரம்பிக்கும் நேரத்தில், விவசாயிகளின் பேரச் சங்கமும் வாங்கும் நிறுவனங்களும் பேசி முடிப்பது. நட்ட வருடமோ, மருந்தடித்த மாதமோ அது உங்களுக்குத் தெரியாது. பணமும் ஒரே தவணையில் வருவதில்லை. எங்கள் முதல் அறுவடை உலர்ந்த எடையில் 3,140 பவுண்டு. முதல் தவணை நவம்பரில் வந்தது, மீதி வர வசந்தம் ஆகிவிட்டது. ஆனால் அறுவடைக் கூலிக்காரருக்கு அக்டோபரிலேயே கொடுக்க வேண்டும், உலர்த்தும் கூலியை முதல் தவணையிலேயே பிடித்துக்கொள்வார்கள். ஏக்கருக்கு ஐந்நூறு டாலர் வீதம் கையில் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு அறுவடைக்கு இறங்குங்கள்.